ஆறைவிடப் பெரிய நாலு

ராயபுரம்,
19-12-1950

அன்புள்ள அம்மு,

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. அவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, வான்கோழிக்கு ஆறாம் நம்பர் தோட்டாதான் சரி என்பது. இரண்டு, நாலாம் நம்பர் ரவை ஆறாம் நம்பர் ரவையைவிடப் பெரியது என்பது.

தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவையின் கணக்கு தலைகீழானது, அம்மு. நம்பர் ஏற ஏற ரவை சிறுத்துக்கொண்டே போகும். எட்டு என்றால் கடுகு. ஆறு அதைவிடப் பெரிது. நாலு ஏறக்குறைய மிளகு. எங்கள் துப்பாக்கிக் கடையில் வளர்ந்ததால் இது எனக்குத் தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு உன் அண்ணனுடைய தொழிற்சாலை மானேஜர் துரையின் பட்லர் வந்தார். கையில் லைசென்ஸும் ஒரு சீட்டும். பெட்டி தூக்கிக்கொண்டு போக உன் அண்ணனும் கூட வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு என்று துரை வளர்த்த வான்கோழிகள் நவம்பர் புயலில் கூண்டு உடைந்து எண்ணூர்ச் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டனவாம். பிடிக்கப் போனால் மரத்தில் ஏறிக்கொள்கின்றனவாம். அதனால் துரை அதை ஒரு வேட்டையாகவே வைத்துவிட்டார். சீட்டில் 'ஆறாம் நம்பர் என்று நினைக்கிறேன், உங்கள் யோசனைப்படி கொடுக்கவும்' என்று எழுதியிருந்தது.

அப்பா யோசித்தார். "வான்கோழின்னா சும்மாவா? இறகு கம்பளி மாதிரில்லா இருக்கும். ஆறு அதுல தைக்காது. நாலு கொண்டு போங்க" என்றார்.

தோட்டாக் கம்பெனிப் புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன். வான்கோழியின் உடம்பைக் குறி வைக்கக் கூடாது, தலையையும் கழுத்தையும்தான். சின்னக் குறிக்கு நிறைய ரவை வேண்டும். ஒரு அவுன்ஸில் ஆறு என்றால் இருநூற்று எழுபது ரவை, நாலு என்றால் நூற்று எழுபதுதான். தவிர, பெரிய ரவை குறி தப்பினால் நெடுந்தூரம் போகும். வாடிக்கையாளர் முன்னால் அப்பாவை எப்படித் திருத்துவது என்று பேசாமல் இருந்தேன்.

அப்பா பெட்டி எடுக்க உள்ளே போனார். உன் அண்ணன் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னாங்கம்மா, கோழி புடிக்கத் துப்பாக்கியா? எங்கம்மாகிட்ட சொன்னா ஒரு கூடையப் போட்டுக் கவுத்துகினு வந்துடும்" என்றார். பட்லருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு உன் அண்ணன் குரலைத் தணித்து, "நாலுன்னா ஆற வுடச் சின்னதுதானே?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்பா வந்துவிட்டார். அவர்கள் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசலில் உன் அம்மா இருந்தார்கள். "யாரு, கடக்காரப் பொண்ணா? இங்க இன்னாத்துக்கு வந்த? போ, போய்த் தோட்டா வித்துகினு இரு" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

எந்தக் கண் என்றுகூட எனக்குத் தெரியாது. எழுது.

சுகிர்தம்

* * *

புளியந்தோப்பு,
21-12-1950

சுகிர்தம்,

இடது கண்.

நீ கடையில் நடந்ததை எழுதினாய். நான் தோப்பில் நடந்ததை எழுதுகிறேன். பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போனது கிருஷ்ணப்பன், தொழிற்சாலையில் மூத்த ஆள். பன்னிரண்டு பேருமே இன்னும் பர்மனென்ட் ஆகாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? தகர டின்னைத் தட்டிக்கொண்டு தோப்பின் அந்தக் கோடியிலிருந்து கோழிகளை விரட்டி வர வேண்டும். இந்தக் கோடியில் துரையும் சிநேகிதர்களும் துப்பாக்கியோடு நிற்பார்கள். ஆட்களுக்குப் பயம். எங்கள் அண்ணன்தான் தைரியம் சொன்னானாம். "நாலாம் நம்பர்தான் மாமு. கடையிலேயே கேட்டுகினு வந்தேன். ஆறுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் தயங்குவதைப் பார்த்து, தானே வரிசைக்கு முன்னால் நடந்திருக்கிறான். ஒரு கோழி தாழப் பறந்தது. துப்பாக்கி அதோடு கூடவே திரும்பியது. ஐம்பது கஜம் இருக்கும் என்கிறார்கள். தோளில் இரண்டு, கன்னத்தில் இரண்டு, கண்ணில் ஒன்று. வேறு யார்மேலும் படவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. இடது கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது மட்டும் இல்லை. கெட்டுப்போன கண்ணை உள்ளேயே விட்டுவைத்தால், அதைப் பார்த்து நல்ல கண்ணும் கெடுமாம். சில பேருக்கு அப்படி ஆகும், ஆகிவிட்டால் பிறகு தடுக்க முடியாது என்கிறார். இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பதினேழாம் தேதியிலிருந்து எண்ணிக்கொள். முப்பத்தொன்று.

அண்ணன் கைநாட்டுப் பேர்வழி இல்லை, உனக்குத் தெரியும். அவன் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள். போடமாட்டேன் என்கிறான். காரணம் கேள். கிருஷ்ணப்பன் வெள்ளைக்காரர்களோடு வாத்து வேட்டைக்குப் போன காலத்தில் கெண்டைக்காலில் ரவை வாங்கியவர். அது எட்டாம் நம்பராம். கத்தி படாமல் ஆறு மாதத்தில் தானாக வெளியே வந்துவிட்டதாம். அதை வைத்துக்கொண்டு அண்ணன் கணக்குப் போடுகிறான்: "எட்டே தானா வந்துச்சு. இது நாலு. அதுல பாதிதான். இதுக்குப் போயி கண்ணத் தோண்டணுமா?" ஜனவரியில் பர்மனென்ட் ஆர்டர் வருகிறது, ஒற்றைக் கண்ணனுக்கு யார் கொடுப்பார்கள் என்பது இன்னொரு காரணம். ஆனால் அதை அடிக்கடி சொல்வதில்லை. நாலு, நாலு என்றுதான் ஓயாமல் சொல்கிறான்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாலுதான் பெரியது என்று. நம்பவில்லை. "கடையில ஆமான்னாங்க. இப்பக் கேசு வரும்னு பயந்துகினு மாத்தறாங்க" என்கிறான். யார் ஆமென்றது என்றால், "கேக்க வேண்டியவங்ககிட்டதான் கேட்டேன்" என்பதோடு சரி.

உன் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அவர் கடைக் காகிதத்தில், தன் கையால், 'நான் தவறாகச் சொல்லிவிட்டேன், நாலுதான் பெரியது' என்று எழுதிக் கொடுக்கட்டும். வேறு எதுவும் எங்களுக்கு வேண்டாம். வாங்கி அனுப்பு. பத்து நாள் இருக்கிறது.

அம்மு

* * *

எழும்பூர் ஸ்டேஷன்,
22-12-1950

அன்புள்ள அம்மு,

ரயில் புறப்பட இருபது நிமிஷம் இருக்கிறது. அப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார்.

கேட்டேன். "நான் ஒண்ணுமே சொல்லலியேட்டி. அந்தப் பய என்கிட்ட ஒரு வார்த்த பேசல. எழுதிக் குடுத்தா நாளைக்குக் கோர்ட்டுல அதுல்லா நிக்கும்" என்றார். மறுபடி கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதாக ஏற்பாடு, பெட்டியைக் கட்டு என்றார். மெஞ்ஞானபுரத்தில் மாமா வீட்டு விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன் சரியாகக் காதில் வாங்காமல் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் துறைமுகத்து லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடையில் யாரும் அவருக்கு ஆமென்று சொல்லியிருக்க முடியாது. எப்படியாவது சம்மதிக்க வை. டாக்டரையே ரவையைக் காட்டச் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சுகிர்தம்

* * *

புளியந்தோப்பு,
23-12-1950

சுகிர்தம்,

காலையில் வந்தது. பார்வையாளர் நேரத்தில் கொண்டுபோய்ப் படித்தேன். அவனுக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், நல்ல கண் அசையக் கூடாதாம். படித்து முடித்தேன். "சுகிர்தமா அப்டி எழுதுச்சு?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். 'கடையில் யாரும் அவருக்கு ஆமென்று சொல்லியிருக்க முடியாது' என்ற இடத்தில் கையைத் தூக்கினான், போதும் என்று. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா கஞ்சியை வைத்துக்கொண்டு, "இன்னாடி படிச்ச அவங்கிட்ட? சாப்டுகினு இருந்தவன் மூஞ்சியத் திருப்பிகினானே" என்று என்னைத் திட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டேன் என்று அவன் சொன்னது யாரை என்று. இரண்டு வருஷம் உன் புத்தகங்களை அவனுக்கும், அவன் படித்ததை உனக்கும் சுமந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரியாக இருந்திருக்கிறேன். அதற்கு எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் நீங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை என்பதற்குக் கோபம் உண்டு, அதை இப்போது பேச நேரம் இல்லை.

டாக்டர் சொன்னால் கேட்பான் என்று நினைக்காதே. டாக்டரும் துரையின் ஆள்தான் என்று முடிவு கட்டியிருக்கிறான். அவன் நம்புவது கடையில் வாங்கிய அந்த ஒரு பதிலைத்தான். அதைக் கொடுத்தவள் திரும்ப வாங்கினால்தான் உண்டு.

நீ அன்று என்ன பதில் சொன்னாயோ அதை எழுது. அது இல்லாமல் பண்டிகை வாழ்த்து, லாரி சத்தம், வருத்தம் என்று இன்னொரு கடிதம் வந்தால் நான் பிரிக்க மாட்டேன்.

அம்மு

* * *

மெஞ்ஞானபுரம்,
26-12-1950

அம்மு,

உன் கடிதம் இன்று வந்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டு. அம்மா கேட்டாலும் பரவாயில்லை.

ஜெயவேல்,

உங்கள் பெயரை எழுத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் தவறாகக் காதில் வாங்கவில்லை. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, நான் வாயைத் திறக்கவே இல்லை. "நாலுன்னா ஆற வுடச் சின்னதுதானே?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். பொய் என்று தெரிந்தே ஆட்டினேன்.

ஏன் என்று எனக்குள்ளேயே ஒன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்டோபரில் நீங்கள் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் ஒரு சீட்டு மறந்து இருந்துவிட்டது. அப்பா எடுத்து, "யார் எழுத்துட்டி இது?" என்று கேட்டார். அம்முவுடையது என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார். அன்று நீங்கள் பட்லரோடு கடைக்குள் வந்து, என்னை யாரோ போல 'இன்னாங்கம்மா' என்று அழைத்ததும் எனக்கு ஒரு பக்கம் உயிர் போயிற்று, ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த விளையாட்டைக் கெடுக்க மனம் இல்லை. நீங்கள் கேட்டபோது உள்ளே பெட்டி நகரும் சத்தம் கேட்டது. இல்லை, நாலுதான் பெரியது, நம்பர் தலைகீழ் என்று விளக்க ஆரம்பித்தால் நாலு வாக்கியமாவது பேச வேண்டும். நாலு வாக்கியம் உங்களோடு பேசினால் என் முகத்தைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிடுவார். தலையை ஆட்டினால் நீங்கள் போய்விடுவீர்கள். அதற்காக ஆட்டினேன். உங்களை அனுப்பிவைப்பதற்காக.

வான்கோழிக்கு எந்தத் தோட்டா என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று அம்முவுக்குப் பெருமையாக எழுதினேன். தெரிந்து என்ன செய்தேன்?

என் வார்த்தையையும் நம்ப வேண்டாம். மாமா இங்கே செம்மணல் தேரிக்காட்டில் கௌதாரி சுடுகிறார். அவரிடம் எட்டாம் நம்பர் இருக்கிறது. அப்பா கொண்டுவந்த பெட்டியில் நாலாம் நம்பரும் இருந்தது. இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து, எல்லோரும் கோயிலுக்குப் போன நேரத்தில் அரிவாள்மணையில் அறுத்தேன். வெடிமருந்தைத் தண்ணீரில் கொட்டிவிட்டு ரவையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதோடு இரண்டு பொட்டலம் இருக்கிறது. நூலில் ஒரு முடிச்சுப் போட்டது எட்டு. இரண்டு முடிச்சுப் போட்டது நாலு. கண்ணில் கட்டு இருந்தாலும் விரலால் தெரியும். கிருஷ்ணப்பனின் காலில் இருந்தது முதல் பொட்டலம். உங்கள் கண்ணில் இருப்பது இரண்டாவது. பாதி இல்லை, எடை போட்டால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அது தானாக வராது.

கையெழுத்துப் போடுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நாளானாலும் இருக்கட்டும். இதில் மட்டும் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

அம்மு, இங்கே தந்தி ஆபீஸில் இருப்பவர் மாமாவின் சிநேகிதர். தந்தி கொடுத்தால் அரைமணியில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். தபால் மூன்று நாள் பிடித்தாலும் இருபத்தொன்பதாம் தேதி உன் கையில் இருக்கும். இரண்டு நாள் மிச்சம் இருக்கும். இதை எழுதும்போதே, இப்போதும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றுதான் பார்க்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது.

சுகிர்தம்

* * *

தந்தி
2-1-1951

கடிதத்தைப் பிரி. கெஞ்சுகிறேன். சுகிர்தம்.

* * *

புளியந்தோப்பு,
5-1-1951

சுகிர்தம்,

தந்தி மூன்றாம் தேதி காலை வந்தது. உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதியே வந்திருந்தது. ஐந்து நாள் என் தகரப் பெட்டியில் கிடந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நீ உன் தவறை எழுதினாய், நானும் எழுத வேண்டும். கவர் கையில் வந்ததும் தடவிப் பார்த்தேன். உள்ளே குறுகுறுவென்று மணிமணியாக உருண்டது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கவரில் சீரக மிட்டாய் போட்டு அனுப்புவாயே, அதுதான் என்று நினைத்தேன். அண்ணன் கண் போய்க்கொண்டிருக்கும்போது எங்களுக்கு மிட்டாய் அனுப்பியிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ உண்மையை எழுதியிருந்தால் அதோடு மிட்டாய் வைக்க மாட்டாய் என்று தோன்றியது. அதனால் பிரிக்கவில்லை. புடவைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த ஐந்து நாளும் அவனிடம் மன்றாடிக்கொண்டுதான் இருந்தேன், இங்கே பெட்டிக்குள் அது இருக்க.

தந்தியைப் பார்த்ததும் பிரித்தேன். படித்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்வையாளர் நேரம் இல்லை என்று வாசலில் தடுத்தார்கள். என் அம்மா அந்த ஆளைப் பார்த்து, "யோவ், உன் வூட்டுப் புள்ளைக்குக் கண்ணு போனா நேரம் பாப்பியா? நவுரு" என்று ஒரு தள்ளுத் தள்ளினாள். உள்ளே போனோம்.

முழுதும் படித்தேன். தலையாட்டிய இடத்தில் அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பொட்டலங்களை அவன் கையில் வைத்தேன். முதலில் ஒரு முடிச்சு. ஒரு ரவையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினான். பிறகு இரண்டு முடிச்சு. நிறைய நேரம் உருட்டினான். அது அவன் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, ஓடிய சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"சரி. எட்த்துட சொல்லு" என்றான்.

கையெழுத்துப் போட்டான். நேற்று காலை எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, போன வாரமே செய்திருக்க வேண்டும், இனி வலது கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். ஏன் தாமதம் என்று கேட்டார்.

உன்னைத் திட்ட எனக்கு இனி யோக்கியதை இல்லை. அதனால் இந்தக் கடிதம் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

அம்மு

* * *

மெஞ்ஞானபுரம்,
10-1-1951

அம்மு,

உன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியில் கிடந்த ஐந்து நாளை உன் கணக்கில் எழுதாதே. முதல் கடிதத்திலேயே உண்மையை எழுதியிருந்தால் அது இருபதாம் தேதியே உன் கையில் இருந்திருக்கும். நான் பன்னிரண்டு வரியில் எழுத வேண்டியதை எழுதாமல் வான்கோழியின் கழுத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

தந்தி விஷயம் அன்று மாலையே மாமாவுக்குத் தெரிந்தது. பட்டணத்துக்குத் திரும்பியிருந்த அப்பாவுக்கு ஆள் போயிற்று. அவர் மறுபடி ரயிலேறி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டு யார் எழுத்து என்பது உள்பட. அடிப்பார் என்று நினைத்தேன். "நான் நாலு குடுக்கச் சொன்னது தப்பாட்டி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் அப்பா, ஆறுதான் சரி என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். நான் இனி ராயபுரத்துக்கு வர வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலிருந்து பார்க்க வருகிறார்கள்.

வலது கண் எப்படி இருக்கிறது? இதை மட்டும் ஒரு தபால் கார்டில் எழுதினால் போதும். வாரம் ஒரு கார்டு. வெறும் 'சரி' என்று எழுதினாலும் போதும்.

சுகிர்தம்

* * *

புளியந்தோப்பு,
30-1-1951

சுகிர்தம்,

கார்டில் எழுத முடியாது, அம்மா எதிரில் இருக்கிறாள். படிக்கத் தெரியாவிட்டாலும் நான் எழுதும்போது என் முகத்தைப் படித்துக்கொண்டே இருப்பாள்.

பதினைந்து நாள் நன்றாக இருந்தான். கட்டை அவிழ்த்த அன்று என்னைப் பார்த்து, "இன்னாடி இப்டி எளச்சிட்ட, ஆஸ்பத்திரில நா இருந்தனா நீ இருந்தியா?" என்று கிண்டல் செய்தான். உன் கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கி, தானே வரிசையாகப் படித்தான். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மூன்று நாளாக வலது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் குத்துகிறது என்கிறான். புகைமூட்டம் போல இருக்கிறதாம். டாக்டர் பார்த்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். ஊசி போடுகிறார்கள்.

பர்மனென்ட் லிஸ்டில் பெயர் இல்லை. கிருஷ்ணப்பன் வந்து சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார்.

அவன் உனக்கு ஒன்று சொல்லச் சொன்னான். இனி எழுதினால் உன்னைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னான். என் வாயால் கேட்க வேண்டாமாம், தானே படிக்க வேண்டுமாம்.

அம்மு

* * *

மெஞ்ஞானபுரம்,
4-2-1951

ஜெயவேல்,

ஒரு பக்கத்தில் ஐந்து வரிதான்
வரும்படி எழுதுகிறேன்.
தூத்துக்குடிக்காரர்களிடம்
சம்மதம் இல்லை என்று
நானே சொல்லிவிட்டேன்.

இந்த முறை தலையை ஆட்டவில்லை.
வாயைத் திறந்து சொன்னேன்.
மார்ச்சில் பரீட்சைக்கு
என்று சொல்லி
பட்டணம் வரப் பார்க்கிறேன்.

அதுவரை அந்தக் கண்ணை
வைத்துக்கொள்ளுங்கள்.
வேறு எதுவும்
கேட்க எனக்கு
உரிமை இல்லை.

சுகிர்தம்

* * *

புளியந்தோப்பு,
7-3-1951

சுகிர்தம்,

உன் பெரிய எழுத்துக் கடிதம் வந்த அன்று முதல் பக்கத்தை அவனே படித்தான், ஜன்னலோரம் நின்று, ஒவ்வொரு எழுத்தாக. இரண்டாவது பக்கத்தில் பாதி படித்தான். மீதியை மறுநாள் படிக்கிறேன் என்று வைத்துக்கொண்டான். மறுநாள் முடியவில்லை. என்னைப் படிக்கவும் விடவில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் காலையில் வந்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, விளக்கை வலது கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றான். கிட்டே கொண்டுபோனார். "சூடு தெரியுது" என்றான். டாக்டர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு என் அம்மாவின் தோளைத் தொட்டார். இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயன் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு ரிக்ஷா வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

அம்மு